என் பேரனுக்கு அவர் பெயர்

மக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வழியில்லை. உன் நலத்தை ஒரு மணி நேரத்துக்கு முன்தான் நாகர்கோவில் ஸ்டேஷனில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பால் குப்பியும் துணியும் திணித்த பை, தோளில் தூங்குகிற பிள்ளை, நெற்றி முழுக்க வியர்வை. நலமாகத்தான் இருந்தாய். இந்நேரம் வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியிருக்கும். காற்றாலைக் காற்றாடிகளைப் பிள்ளைக்குக் காட்டினாயா, இல்லை, ஏறி உட்கார்ந்ததுமே புத்தகத்தை விரித்துவிட்டாயா? வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, பேரு வச்ச அன்னைக்குப் பிள்ளை காதுல உண்மையில என்ன பேரச் சொன்னீங்க?" நான் காது கேட்காதவன்போல் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். காது நன்றாகவே கேட்டது. பதில்தான் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

அதை இப்படி ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மூர் வாசகசாலைக்காரர்கள் பெரியவரின் பிறந்தநாளுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். செயலாளர் தோவாளைப் பூச்சந்தையில் நம் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, வருசாவருசம் பெரியவர் சிலைக்கு மாலை கெட்டுகது நீங்கதான். அவரோட வாழ்வும் சாதனையும்னு நீங்களும் ரெண்டு பக்கம் எழுதித் தரணும்" என்றார். "மலருக்குப் பூ வேணும்னா நிறுத்துத் தாறேன்வோய். எழுத்து எனக்கு எங்க?" என்றேன். எழுத்துப் பிழையை அவர்கள் திருத்திக்கொள்வார்களாம். சரி, பிழையைத் திருத்துங்கள், ஆனால் என் பொறாமையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன். ஆகவே இது கட்டுரையும்தான், உனக்குக் கடிதமும்தான். ஒரே நாரில் இரண்டு பூ.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதமாட்டேன். ஊரார் சொல்வதுபோலப் பெரியவர் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளட்டும். நிஜக் காரணம் உனக்குத் தெரியும். அவருக்கு வருடத்துக்கு ஒரு மாலை போதும்.

வாழ்வும் சாதனையும் கேட்டார்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். உன்னைப்போல நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பிறந்தநாள் கூட்டத்தில் மாலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே நிற்பேன். பேச்சாளர் பேசி முடித்த பிறகுதான் மாலை. ஊரில் மற்ற எல்லோருக்கும் நடுவில் எழுந்துபோய் டீ குடிக்கலாம். பேச்சை முழுசாகக் கேட்டே தீரவேண்டிய கட்டாயம் எனக்கு மட்டும்தான். அதனால் பெரியவர் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். வசதியான வீட்டில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தவர். சுதந்திரப் போராட்டம் வந்ததும் கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டு, சீமைத் துணியில் தைத்த கறுப்புக் கோட்டைத் தெருவில் போட்டு எரித்தார். இந்த இடத்தில் கூட்டம் கை தட்டும். எனக்கு மட்டும் தோன்றும்: எரிக்க அவரிடம் ஒரு கோட்டு இருந்தது. என் அப்பனிடம் இருந்தது ஒரு துண்டு. அதையும் எரித்திருந்தால் வெள்ளைக்காரன் போயிருக்க மாட்டான், மானம்தான் போயிருக்கும்.

பிறகு கிராமம் கிராமமாக நடந்தார். பிடித்து ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்தார், பேசினார், திரும்பவும் உள்ளே போட்டார்கள். ஜெயிலிலும் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை. களவாணிகளையும் அடிதடிக்காரர்களையும் உட்காரவைத்து, மண்ணைப் பரப்பி, அனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொடுத்தார். சுதந்திரம் வந்ததும் முதல் மந்திரிசபையில் இடம் கொடுத்தார்கள். பகலில் பாடுபடுகிறவர்களுக்குச் சாயங்காலப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று திறக்கவைத்தார். சொந்த வீட்டைப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் கண்ணை மூடினார். எல்லாம் பெரிய காரியம்தான், இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். ஐந்தாம் வகுப்போடு பூச்சந்தைக்கு வந்துவிட்ட நான் பிழையோடாவது நாலு வரி எழுதுகிறேன் என்றால், அதுவும் அப்படியொரு சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பக்கத்துக் கடைச் செல்லப்பன் இதைக் கேட்டதும் விடவில்லை. "வோய், அந்த மனுசன வய்யணும்னாகூட அவரு படிப்பிச்சுத் தந்த எழுத்துலதான் நீரு எழுதி வய்யணும்" என்றான். பொறாமைப்படுவதற்குக்கூட ஒருவரிடம் கடன்பட்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை, பார்த்துக்கொள்.

ஆனால் மக்கா, அவர் நாட்டை வாங்கிக்கொடுத்ததில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. நாடு எல்லோருக்கும் பொது. என் வீட்டுக்குள் வந்து என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாரே, அதுதான் பொறாமை. எப்போது தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்காத வயதில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வைத்தியர் கொடுத்த கஷாயத்தை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாய். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, குரங்கு மாதிரிப் பல்லைக் காட்டினேன், யானை மாதிரி நடந்தேன், முந்திரிக்கொத்துப் பலகாரம் வாங்கிவந்து கண்முன்னால் ஆட்டினேன். நீ வாயைத் திறக்கவில்லை. அடுக்களையிலிருந்து உன் அம்மா வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பெரியவரு ஜெயில்ல காய்ச்சலாக் கெடக்கும்போ வேப்பிலைய அரச்சு வெறும் வாயில தின்னாரு, தெரியுமா மக்கா?" நீ எழுந்து உட்கார்ந்தாய். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, மடமடவென்று குடித்தாய். நான் யானையாக நின்றபடியே நின்றேன். முந்திரிக்கொத்தை நானே தின்றேன். அது அன்றைக்குக் கசந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் பெரியவர்தான். தலை வாருவது பெரியவர் மாதிரி, நடக்கும்போது கையைப் பின்னால் கட்டுவது பெரியவர் மாதிரி. நான் கையை வீசி நடப்பேன், நீ என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வருவாய். பார்க்கிறவர்களுக்கு நீ என்னைக் கைது செய்து கூட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப்போட்டி வந்தது. 'நான் போற்றும் மனிதர்' என்று தலைப்பு. போட்டிக்கு முந்தின வாரம் முழுக்க என்னையே சுற்றிச்சுற்றி வந்தாய். "அப்பா, நீங்க எப்போ எழும்புவீங்க? மழை பெய்தாலும் எழும்புவீங்களா? ஏம்பா அவ்வளவு வெள்ளன எழும்புகீங்க?" என் நெஞ்சு பொங்கிப் போய்விட்டது. சந்தையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் போட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நீ மேடையேறிச் சொன்னாய்: "எல்லாரும் தங்கள் வயிற்றுக்காக விடியும் முன் எழுந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர்தான் நாட்டுக்காக எழுந்தார்." அந்த 'எல்லாரும்' முன்வரிசையில் பவுடரோடு உட்கார்ந்திருந்தது. மண்டபத்தில் முதலில் கை தட்டியது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். கை தட்டினால்தான் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிலை விஷயம் இன்னொரு எரிச்சல். மயிலாடிச் சிற்பக்கூடத்தில் கொத்தி, லாரியில் வந்து இறங்கிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்தால் அவர் எனக்கு அப்பா வயதில் இருந்தார். போகப்போக எனக்கு அண்ணன் ஆனார். இப்போது போய்ப் பார், என் தம்பி மாதிரி நிற்கிறார். எனக்கு முழங்கால் போய்விட்டது, முடி போய்விட்டது, வெற்றிலை போட்டுப் பல்லும் பாதி போய்விட்டது. அவருக்குக் காக்கை உட்கார்ந்தால்தான் தலை நரைக்கும், அதையும் மழை கழுவிவிடும். ஏணியில் ஏறி மாலை போட எனக்கு இரண்டு பேர் கைத்தாங்கல் வேண்டியிருக்கிறது. அவரோ அப்போதிருந்து ஒரே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த விரல் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்த்திருக்கிறாயா? நேராக நம் கடையை. "உம்ம மகனத் தூக்கிட்டுப் போனது நான்தான்வோய், என்ன செய்வீரு?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

நீயும் அவர் பின்னாலேயே போனாய். அவரைப்பற்றி வருடக்கணக்காகப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாய். சந்தையில் யாரோ கைவலி என்று உன்னைத் தேடிவந்தார்கள். இந்த டாக்டர் ஊசி போடமாட்டான், செத்துப்போனவர்களைத்தான் எழுப்புவான் என்று சொல்லி அனுப்பினேன். வடக்கே கல்லூரியில் வேலை கிடைத்தது. கல்யாணம் பேசினோம். பெண் வீடு இருக்கும் தக்கலைக்கு நான் மட்டும் போய்ச் சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணத் தாங்க, போதும். நகை, பாத்திரம்னு எதையாவது கொண்டு வந்தா எங்க வீட்டுல வைக்க எடமில்ல" என்றேன். அந்த ஆள் கண்கலங்கிவிட்டார். உன்னிடம்கூடச் சொல்லவில்லை, செல்லப்பனுக்கு மட்டும் தெரியும். கல்யாணத்தன்று மேடையில் மைக்கை உன் கையில் கொடுத்தார்கள். நீ சொன்னாய்: "பெரியவர் காட்டிய வழியில் வரதட்சணை வாங்காமல் இந்தத் திருமணம் நடக்கிறது." கூட்டம் ஓவென்று கை தட்டியது. நான் பந்தியில் அவியல் வாளியோடு நின்றேன். செல்லப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "அப்போ தக்கலைக்குப் பஸ்ஸேறிப் போனதும் பெரியவருதானாவோய்?" என்றான். அவனுக்கு இரண்டு கரண்டி அவியலைக் கூடுதலாகப் போட்டேன். வாய் அடைபடட்டும் என்றுதான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். பிள்ளை பிறந்தான் என்று போன் வந்தபோது ஒன்றை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று இருந்தேன். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டாவின் பெயர். அதனால்தானே அவன் பேரன். பேரைக் கொண்டுபோகிறவன் என்றுதானே அந்த வார்த்தையே இருக்கிறது. எனக்கு என் பாட்டா பெயர், என் அப்பாவுக்கு அவர் பாட்டா பெயர். இரண்டு பெயரும் கிணற்று வாளி மாதிரி மாறிமாறி மேலே வந்துகொண்டிருக்கும். உனக்கு என் அப்பா பெயர் வைத்தபோது எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது: அடுத்த வாளி என்னுடையது. சந்தையில் மிட்டாய் கொடுத்தபோதே பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீ போனில் சொன்னாய். "அப்பா, பிள்ளைக்குப் பெரியவர் பெயரே வைக்கலாம்னு நெனச்சிருக்கோம். உங்களுக்குச் சந்தோசந்தானே?" சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நான்கு கோடும் நிறைந்து நின்றது.

அன்றைக்கு உன் அம்மாவிடம் போய்க் குதித்தேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் பயறு உடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"உங்க பேர வச்சா நான் அவன எப்பிடிக் கூப்பிடுகது?"

"வாயாலதான் கூப்பிடணும். பின்ன எப்பிடி?"

"கெட்டி வந்த நாளு மொதக்கொண்டு ஒருநா நான் உங்க பேரச் சொன்னதுண்டா? ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவேன். நான் வாயத் தொறக்கமுடியாது. மருமவளும் மாமனார் பேரச் சொல்லமாட்டா. அப்போ பிள்ளைய யாரு கூப்பிடுவா? நீங்களே உங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பியளா?"

"அதெல்லாம் அந்தக் காலம்."

"உங்க பாட்டா பேருதானே உங்களுக்கு? உங்க அம்மை, அதான் எங்க அத்த, என்னைக்காவது அந்தப் பேரச் சொல்லி உங்களக் கூப்பிட்டாவளா? மாமனார் பேருல்லா?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நிஜம். அம்மை சாகும்வரை என்னைப் 'பிள்ளே' என்றுதான் கூப்பிட்டாள். உன் அம்மாவுக்கு நான் 'இஞ்ச பாருங்கோ'. சந்தையில் நான் 'பிச்சிப்பூ அண்ணாச்சி'. உனக்கு அப்பா. என் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதைச் சொன்ன கையோடு பிரம்பையும் எடுத்துவிடுவார். இத்தனை வருடம் வைத்திருந்தும் மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி இருக்கிறது என் பெயர். உன் அம்மா பயற்றை முறத்தில் தட்டிவிட்டு, "பெரியவரு பேருன்னா எனக்கு ஒரு விலக்கும் இல்ல. வாய் நெறையக் கூப்பிடுவேன்" என்றாள். கேட்டாயா மக்கா, எப்படி இருக்கிறது கதை? கட்டின புருஷன் பெயரை ஒருநாளும் சொல்லாதவள், என் வீட்டுக்குள்ளேயே, நான் கட்டிலில் இருக்கும்போதே, இன்னொருவர் பெயரை வாய் நிறையக் கூப்பிடப் போகிறாள். இதைவிடப் பெரிய தோல்வியை வெள்ளைக்காரனுக்குக்கூட அவர் கொடுத்திருக்க மாட்டார்.

பெயர் வைக்கிற அன்று தக்கலைக்கு வந்தபோது என் மனதில் ஒரு கள்ளம் இருந்தது. நீயும் அதைக் கண்டுபிடித்திருக்கிறாய், அதனால்தான் கேட்டாய். வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளையைப் பாட்டா மடியில் கிடத்துவார்கள். ஒரு காதை வெற்றிலையால் பொத்திக்கொண்டு, மறு காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் அது பாட்டாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் கேட்கும். ஒலிபெருக்கி இல்லை, கை தட்டல் இல்லை. பிறகு நீங்கள் எந்தப் பெயரை எழுதிக்கொண்டாலும், முதலில் காதில் விழுந்த பெயர்தானே பெயர்? என் பெயரைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். பெரியவரை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். அவருக்கு ஊரெல்லாம் சிலை இருக்கட்டும், எனக்கு ஒரு காது போதும்.

பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். வெற்றிலையைவிடச் சின்னக் காது. குனிந்தேன். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை மக்கா. நாக்குப் புரளாமல் இல்லை. எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. அன்பாக அதை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது வாத்தியார் குரல் ஒன்றுதான். பூ மாதிரிக் கிடக்கிற பிள்ளையின் காதில் அந்தக் குரலிலா சொல்வது? சம்பந்தி பக்கத்திலிருந்து, "என்ன அண்ணாச்சி, இவ்வளவு நேரமா ரகசியம் பேசுகியோ? எங்களுக்கும் சொல்லுங்கோ" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் பெரியவர் பெயர் வந்தது. உன் அம்மா கஷாயக் கிண்ணத்தோடு சொன்ன குரல், நீ மேடையில் சொன்ன குரல், எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழகின பெயர், வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் அப்படியே விட்டுக்கொடுக்க மனது வருமா? முன்னால் ஒரு 'ஏலே' போட்டேன். "ஏலே" என்று சொல்லி, பிறகு அவர் பெயர். மூன்று தடவையும் அப்படித்தான். நாட்டையே எழுந்து நிற்கவைத்த மனிதரை நான் ஏலே என்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்த வயதில் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது என்று மருமகள் சொன்னாள். தெரியாமல் போகட்டும், திரும்பினான். பிறகு என் வேட்டியை நனைத்தான். ஊருக்கு வந்ததும் செல்லப்பனிடம் சொன்னேன், பெரியவர் எனக்குத் தனியாக ஒரு அபிஷேகம் பண்ணிவிட்டார் என்று.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் பெரியவர் பெயரைத்தான் சொன்னேன். கூட ஒரு ஏலே இருக்கிறது. அது என் பங்கு. அது எழுத்தில் இல்லை, அதனால் யாரும் எடுக்க முடியாது.

அப்பன் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பெயர் வைத்துவிட்டாய், அதைக்கொண்டு அவனை அளக்காதே. விழுந்து அழும்போது "இந்தப் பேர வச்சுக்கிட்டா அழுக?" என்று கேட்காதே. கணக்கில் முட்டை வாங்கி வந்தால் பெரியவர் எவ்வளவு வாங்கினார் என்று எடுத்துக்காட்டாதே. அவர் பக்கத்தில் நின்று உயரம் பார்க்கிறது என்ன கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நானாவது வளர்ந்த ஆள், பகடி பேசித் தப்பித்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று. பேச்சாளர்கள் வருடாவருடம் உருக்கமாகச் சொல்கிற ஒரு இடம் உண்டு. பெரியவர் நீண்டகாலச் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய மகன் இது யாரென்று தெரியாமல் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தியாகம் என்று சொல்லிக் கூட்டம் கை தட்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கை எழும்பாது. பொறாமையும் எழும்பாது. அவர் எதை எதையோ ஜெயித்தார், நான் சந்தையிலிருந்து வரும்போது நீ வாசலுக்கு ஓடிவருவாய். அந்தக் கணக்கில் அவர்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு நாடு இருந்தது, வேறு வழியில்லை. உனக்கு இருப்பது ஒரு கல்லூரியும் நான்கு அலமாரிப் புத்தகமும்தான். அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையை ஒளியவைக்காதே.

பெயர் வைத்த பிறகு நீ வடக்கே போய்விட்டாய். நீ திரும்பிவந்து கூட்டிக்கொண்டு போகும்வரை மருமகளும் பிள்ளையும் நம் வீட்டில் இரண்டு மாதம் இருந்தார்கள். வீடு முழுக்க அந்தப் பெயர்தான். உன் அம்மா சொன்னபடியே வாய் நிறையக் கூப்பிட்டாள். "பாலக் குடியாம சவம் கத்துகு பாரு" என்று திட்டும்போதும் அதே பெயர். முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது, பிறகு ருசித்தது. இத்தனை வருடம் நான் மாலை போட்ட பெயரை என் பெண்டாட்டி சவம் என்று வைகிறாள், அதைவிட என்ன வேண்டும்? நானும் சந்தையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு ஏலே போட்டுக் கூப்பிடுவேன். தொட்டிலுக்குள் உதைக்கிற கால் இரண்டும் அசையாமல் நிற்கும். கழுத்துத் திரும்பும். பொக்கை வாய் திறக்கும். ஒருநாள் சிலைப் பக்கம் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். கல்லாக நிற்கிறவர்மேல் எனக்குப் பழைய கோபம் வரவில்லை. வாரும்வோய், நல்லா இருக்கீரா என்று கேட்கலாம்போல இருந்தது. சரி, வயதாகிறது, பொறாமை எனக்கு விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விடவில்லை மக்கா. இன்றைக்கு ஸ்டேஷனில் தெரிந்துவிட்டது. வண்டி ஏறும் முன் மருமகள் கையில் பிள்ளை சிணுங்கினான். நான் ஏலே என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய், பெயரை மட்டும், மெதுவாக. என் பக்கம் திரும்ப இருந்த கழுத்து உன் பக்கம் திரும்பியது. நீ கையை நீட்டினாய், அவன் உன் தோளில் ஏறிப் படுத்தான். கண்ணை மூடிவிட்டான்.

பெரியவரோடு எனக்கு இருந்தது ஒரு வழக்கு. அவர் செத்துப்போனவர், பிள்ளைகுட்டிக்காரர், பாவம், போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது நீ கிடைத்திருக்கிறாய். நாளைக்கு விடியும்போது வண்டி எங்கேயோ தெரியாத ஊரில் நிற்கும். அவன் எழுந்து அழுவான். நீ பெயரைச் சொல்வாய். அவன் சிரிப்பான். நாளை மறுநாளும் நீதான் கூப்பிடுவாய், அதற்கு மறுநாளும் நீதான். இங்கே நான் கைகால் கழுவிக்கொண்டு வந்து வெறும் தொட்டிலைப் பார்த்து நிற்பேன்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சல் துளியும் ஆறாத
உன் அப்பா.